வெர்ஷன் மாப்பிள்ளை

பொட்டிப்புரம் டீக்கடையில் காலை ஏழு மணிக்கு எல்லோரும் போனைத் திறப்பது ஏலக்காய் விலை பார்க்க. ஒருவர் மட்டும் ராத்திரி ஓடவிட்ட பில்டுக்குப் பச்சை டிக் விழுந்துவிட்டதா என்று பார்ப்பார். சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தால் டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடுவார். கடைக்காரர் பேசாமல் கணக்கில் எழுதிக்கொள்வார்.

கொரோனா காலத்தில் பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்து, திரும்பிப் போகாத இனம் இது. பகலில் சம்பள வேலை. இரவில், எத்தீரியம் பிளாக்செயினில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதுகிறவர்களுக்கான ஓப்பன் சோர்ஸ் கருவி ஒன்றை டாக்கர் இமேஜாக்கி, எண் போட்டு வெளியிடும் திருப்பணி. இன்டெல் சில்லுக்கு ஒன்று, ஆர்ம் சில்லுக்கு ஒன்று. ஒன்று பச்சையானால் மற்றது சிவக்கும்.

இவர் முன்னால் 'லேட்டஸ்ட்' என்று சொல்லிவிடக் கூடாது. டாக்கரில் அது வெறும் ஒட்டுச்சீட்டு, யாராவது நகர்த்தினால்தான் நகரும், மூன்று வருசத்துப் பழசிலும் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று ஆரம்பித்துவிடுவார். ஏல வியாபாரியான சித்தப்பா ஒருமுறை வாயைக் கொடுத்தார்.

"எதுக்குடா இத்தனை நம்பரு?"

"போடி ஏலத்துல 'நல்ல காய்'னு மட்டும் எழுதி வச்சா எடுப்பீகளா சித்தப்பா? லாட் நம்பர் கேப்பீகல்ல?"

சித்தப்பா அதற்குப் பிறகு கேட்கவில்லை. இவர்தான் நிறுத்தவில்லை. நம்பரையும் நம்பக் கூடாதாம், அதையும் மாற்றி ஒட்டலாமாம். அறுபத்து நான்கு எழுத்துள்ள டைஜஸ்ட்தான் சத்தியமாம்.

வீட்டிலும் இதே கதைதான். "அப்பத்தா, குழம்புல புளி ஏறிருச்சு. நேத்து வெர்ஷனுக்குத் திரும்பணும்."

"நேத்துக் குழம்பு சட்டியிலதான் இருக்கு. எடுத்து ஊத்திக்க."

சிரித்தாலும், ஆள் சொல்வதில் நியாயம் உண்டு. பிளாக்செயினில் ஏற்றிய கான்ட்ராக்ட்டின் நிரலை அப்புறம் திருத்த முடியாது. 2018-இல் அதை எழுதும் சொலிடிட்டி மொழியின் 0.4.24-இல் தொகுத்ததை இன்று சரிபார்க்க வேண்டுமானால் அதே கம்பைலர், அதே அமைப்புகள் வேண்டும். 2020 டிசம்பரில் வந்த 0.8.0-இலிருந்து, கணக்கு எல்லை மீறினால் பரிவர்த்தனையே நின்றுவிடும். அதற்கு முன்னால் எண் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போய்விடும். அந்தக் கம்பைலரோடு ஓடும் பழைய இமேஜைத் தூக்கிப்போட்டால், கான்ட்ராக்ட்டில் பணம் போட்டவன் கதி என்ன? அதனால் இவர் எந்த இமேஜையும் அழிப்பதில்லை. அழிக்கச் சொன்னவரோடு பேசுவதுமில்லை.

வீடியோ காலில் வடநாட்டுக்காரர் யாராவது, "பொட்டிப்புரமா, நியூட்ரினோ ஆய்வகத்து ஊர்தானே?" என்பார். "2015-ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்துச்சு. மலையும் தண்ணியும் என்னாகும்னு ஊரு கேட்டுச்சு. இன்னும் ஒரு ரிலீஸும் வரல," என்று இவர் சொல்வார். உடனே சேர்த்துக்கொள்வார்: "சொலிடிட்டியே பத்து வருசம் தாண்டியும் 0.8-லதான் நிக்குது."

இவருக்குத் திருவிழா என்பது, எங்கோ பிரேசிலில் ஒருவன் நடுராத்திரியில் நான்கு வருசத்துப் பழைய பதிப்பைத் தேடி, அது கிடைத்து, நன்றி எழுதும் நாள். விடிந்ததும் தெருவுக்கே தெரிந்துவிடும்.

அப்பா கேட்பார்: "காசு குடுத்தானா?"

"ஸ்டார் குடுத்திருக்கான்ப்பா."

"உரக்கடையில அதை வாங்கிக்கிருவாகளான்னு கேட்டுட்டு வா."