கனகுண்டு விசாரம்

அமெரிக்காவில் ரைஃபிளோடு மான் வேட்டைக்குப் போக ஆண்டில் பெரும்பாலும் சில வாரங்கள்தான் அனுமதி. மீதி மாதங்களில் அந்த வேட்டைக்காரர் என்ன செய்கிறார் என்பதை அறிஞர் உலகம் முறையாக விசாரித்ததாகத் தெரியவில்லை. கார் கொட்டகையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, கடைத் தோட்டா சரிப்படாதென்று தன் கையாலேயே தோட்டா கட்டிக்கொண்டிருக்கிறார். அதிலும் போன வருஷத்தைவிட இந்த வருஷம் கொஞ்சம் கனமான குண்டு. ஏன் கனம், எவ்வளவு கனம், அந்தக் கனத்தால் மானுக்கு வாய்க்கும் விசேஷ அனுபவம் யாது என்பவற்றை ஆராய்வதே இங்கு நோக்கம்.

ஆய்வாளரின் தகுதி பற்றி ஒரு வார்த்தை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் வேட்டையை மூட்டை கட்டி வைத்த நாட்டில் வாழ்பவர். பொருட்காட்சியில் பலூன் சுட்டதோடு அவருடைய துப்பாக்கி அனுபவம் முற்றுப்பெற்றது: பன்னிரண்டு குண்டு, இரண்டு பலூன், அதில் ஒன்று பக்கத்தில் நின்றவர் குறி வைத்தது. ஆகவே நடுநிலை அவருக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது.

முதலில் அளவை. குண்டையும் மருந்தையும் இவர்கள் ‘கிரெயின்’ என்னும் எடையில் நிறுப்பார்கள். ஒரு வாற்கோதுமை மணியின் எடையாகப் பிறந்தது அது. 7000 கிரெயின் ஒரு பவுண்டு, ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். நம் பத்தர்களின் குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின். நாலு நெல்லெடை ஒரு குன்றிமணி என்பது பழைய வாய்பாடு. எனவே வெள்ளைக்காரரின் ஒரு வாற்கோதுமைக்கு நம்முடைய நெல் இரண்டு என்பது பெறப்படும். குன்றிமணி பேச்சில் குண்டுமணி ஆகிவிட்டதைத் தற்செயல் என்று யாரும் தள்ள வேண்டாம். 180 கிரெயின் குண்டு ஏறத்தாழ ஒன்றரைப் பவுன். 220 கிரெயின், ஒன்றே முக்கால் பவுனுக்குச் சற்று மேல். இப்படிச் சொன்னால்தான் நம் வீட்டில் விளங்குகிறது.

இனி ஒரு முரண். தமிழில் குண்டு என்றாலே பருமன். ஆனால் துப்பாக்கிக் குண்டு கனக்கக் கனக்கக் குண்டாவதில்லை, நெட்டையாகிறது. குழலின் துளை மாறாதே! தர்ட்டி-ஆட்-சிக்ஸ் என்னும் புகழ்பெற்ற தோட்டாவில் குண்டின் குறுக்களவு என்றும் 0.308 அங்குலம், ஏற்றும் எடையெல்லாம் நீளத்தில்தான் போய்ச் சேரும். நீண்ட குண்டு தோட்டாக் கூட்டுக்குள் காலை நீட்டி மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கனத்தை நகர்த்த அழுத்தமும் ஏறும் என்பதால் மருந்தைக் குறைத்தாக வேண்டும். ஆள் கனத்தால் மருந்தைக் கூட்டுவது வைத்தியம், குண்டு கனத்தால் மருந்தைக் குறைப்பது வேட்டை என்று வேறுபாடு அறிக.

எவ்வளவு குறைப்பது? இங்கேதான் கொட்டகைத் தவம் தொடங்குகிறது. கையேட்டில் போட்டிருக்கும் தொடக்க அளவில் ஆரம்பித்து, துளித்துளியாகக் கூட்டி, ஒவ்வோர் அளவுக்கும் சில தோட்டா கட்டிச் சுட்டுப் பார்ப்பார். தராசு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். அரைக்கால் குன்றிமணி கூட அதனிடம் ஒளிய முடியாது. சுட்ட கூட்டின் அடியிலிருந்து மருந்துக்குத் தீ மூட்டும் பிரைமர் தட்டையாகியிருக்கிறதா, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைத் தூக்க முரண்டு பிடிக்கிறதா என்று பார்த்து, பிடித்தால் அத்தோடு நிறுத்தி இறங்கி வருவார். குழம்புக்கு உப்புப் போடும் முறைதான். அங்கே கை மீறினால் ஒரு வேளைச் சோறு போகும். இங்கே கண்ணும் விரலும் போகும்.

நீண்ட குண்டுக்கு இன்னொரு நோய் உண்டு. பம்பரம் போல அது வேகமாகச் சுழன்றால்தான் தலை நிமிர்ந்து போகும். சுழற்சி போதாவிட்டால் தள்ளாடும். சுழற்றுவது குழலின் உட்புறத்தில் வெட்டிய புரி. எவ்வளவு நீளக் குண்டுக்கு எவ்வளவு இறுக்கமான புரி என்பதற்கு, வூல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த கிரீன்ஹில் 1879-லேயே சூத்திரம் எழுதிவிட்டார். அதை மதிக்காததால் வந்த வினைக்கு ஓர் உதாரணம். 1955-ல் ஒரே குறுக்களவில் இரண்டு தோட்டாக்கள் சந்தைக்கு வந்தன. 243 வின்செஸ்டரின் குழலில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று; அது 100 கிரெயின் குண்டைத் தாங்கியது. 244 ரெமிங்டனில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. வாங்குகிறவர் சில்லறைப் பிராணிகளைத்தான் சுடுவார் என்று நினைத்து 90 கிரெயினோடு நிறுத்திக்கொண்டார்கள். வாங்குகிறவரோ மானையும் மனத்தில் வைத்திருந்தார். வித்தியாசம் 10 கிரெயின், அதாவது ஒரு கிராம் கூட இல்லை. 243 ஊரெல்லாம் பரவியது, 244 படுத்துவிட்டது. 1963-ல் அதே கூட்டுக்கு 6 எம்.எம். ரெமிங்டன் என்று பெயர் மாற்றி, புரியை 9 அங்குலமாக இறுக்கி மறுபடி கொண்டுவந்தார்கள். பெயர் ராசி பார்ப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. அந்தப் பெயரும் பலிக்கவில்லை.

‘இராணுவம் இதைத் தீர்த்து வைத்திருக்குமே’ எனின், அற்றன்று. அமெரிக்கப் படை 1903-ல் 220 கிரெயினோடு தொடங்கியது. ஜெர்மானியரின் கூர்முனைக் குண்டைப் பார்த்து 1906-ல் 150-க்கு இறங்கியது. முதல் உலகப் போரில் அது எட்டும் தூரம் போதாதென்று கண்டு 1920-களில் 173 வரை ஏறியது. அது எட்டிய தூரமோ பயிற்சித் திடல்களின் பாதுகாப்பு எல்லையைத் தாண்டிப் போக, 1930-களின் இறுதியில் மறுபடி 150-க்கு அருகில் வந்து உட்கார்ந்தது. எதிரிக்குப் போதாத குண்டு ஒன்று, வேலிக்குள் அடங்காத குண்டு ஒன்று.

இனிப் பரபக்கம், சுபக்கம். இந்தத் துறையில் சமயங்கள் இரண்டு. விரைவுவாதிகளின் ஆசாரியர் ஜாக் ஓ’கானர். 270 வின்செஸ்டரும் 130 கிரெயின் குண்டும் அவர் வழி. கனவாதிகளின் ஆசாரியர் எல்மர் கீத். பெரிய துளை, 250 கிரெயினும் அதற்கு மேலும் என்பது அவர் கட்சி. இருவரும் பத்திரிகை எழுத்தாளர்கள், ஐடஹோ என்னும் ஒரே மாநிலவாசிகள், ஒருவரையொருவர் பிடிக்காதவர்கள். புலவர் இலக்கணம் மூன்றும் பொருந்துகிறது.

தர்ட்டி-ஆட்-சிக்ஸின் கடைத் தோட்டாக்களையே சான்றுக்கு அழைப்போம். 150 கிரெயின் விநாடிக்கு சுமார் 2910 அடி போகும். 180 கிரெயின், 2700. 220 கிரெயின், 2410. இவற்றின் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் 2820, 2910, 2840 அடி-பவுண்டு. மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். வேகத்தின் வர்க்கத்தைப் பிடித்துக்கொண்ட விரைவுவாதி, ‘கனத்தைக் கூட்டி என்ன கண்டாய்?’ என்று கடாவுவார். கனவாதி உந்தத்தைக் கணக்கிட்டு, 150-ஐவிட 220-க்கு அது 21 சதவிகிதம் அதிகம் என்று விடை இறுப்பார். பெருக்கல் இருவருக்குமே சரிதான். ஜெயிக்கிற தராசைத் தேர்ந்தெடுத்த பிறகே இருவரும் நிறுக்கத் தொடங்குகிறார்கள்.

பெல் என்பவர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் சின்ன ரைஃபிளால், 173 கிரெயின் குண்டு போட்டு. ‘பார், சின்னத் துளை!’ என்று ஒரு கட்சி. ‘பார், அந்தத் துளைக்கு எவ்வளவு நீளக் குண்டு!’ என்று மறு கட்சி. ஒரே பிரம்மசூத்திரத்துக்கு மூன்று ஆசாரியர்கள் மூன்று உரை கண்ட நாட்டில் இது வியப்பூட்டாது. யானைகள் எந்த உரையைக் கொண்டன என்பதற்குக் குறிப்பில்லை.

கனவாதிகளின் பிரம்மாஸ்திரம் ஜான் டெய்லர் 1948-ல் தந்த வாய்பாடு. குண்டின் எடையைக் கிரெயினிலும், வேகத்தை அடியிலும், குறுக்களவை அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 7000-ஆல் வகுத்தால், அடிபட்ட யானை எவ்வளவு மயங்கும் என்பதற்கு ஓர் எண் வரும். நம் 180 கிரெயினுக்கு 21. இதே வாய்பாட்டில் ஒரு தேங்காயை ஆய்வாளர் இட்டுப் பார்த்தார். மட்டையோடு ஒன்றரைக் கிலோ, எட்டு அங்குலக் குறுக்களவு, அறுபது அடி மரத்திலிருந்து விழும்போது விநாடிக்கு 62 அடி வேகம். விடை 1640. ஆப்பிரிக்காவுக்குப் போன துரைமார்கள் ரைஃபிளுக்குப் பதில் ஒரு தென்னங்கன்றைக் கொண்டுபோய் நட்டிருக்கலாம். யானை வந்து அடியில் நிற்க வேண்டும் என்பது ஒன்றே குறை.

திரும்பக் கொட்டகைக்கு. நம்மவர் 100 கஜத்தில் தாளை வைத்து மூன்று முறை சுடுகிறார். மூன்று துளையும் ஓர் அங்குலத்துக்குள் விழுந்துவிட்டால் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டுவார். மூன்று சுடலில் சராசரியாக ஓர் அங்குலம் பரவும் துப்பாக்கி, பத்து சுடலில் ஏறத்தாழ 1.6 அங்குலம் பரவும் என்பது வெறும் நிகழ்தகவுக் கணக்கு. அதனால்தான் அவர் நான்காவது சுடுவதில்லை. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமோ சுமார் எட்டு அங்குல வட்டம். அதற்குள் இந்த அரைக்கால் குன்றிமணி ஆராய்ச்சி எந்த மூலையில் போய் ஒதுங்கும் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். கேட்கக் கூடாது. பத்தரிடம் போய் ‘கழுத்தில் போட்டால் யாருக்கு எடை தெரியப்போகிறது?’ என்று யாராவது கேட்போமா?

நவம்பர் வருகிறது. விடியற்காலை, பனி. அறுபது கஜத்தில், கிட்டத்தட்ட கூப்பிடு தூரத்தில், மான் வந்து நிற்கிறது. 150 போட்டாலும் விழும், 220 போட்டாலும் விழும். எட்டு மாதம் கட்டிய 180 புறப்படுகிறது, மான் விழுகிறது. அவர் போல்ட்டை இழுக்கிறார். மான் கிடக்கும் பக்கம் இன்னும் ஓர் அடி கூட எடுத்து வைக்கவில்லை. குனிந்து, ஈரப் புல்லைக் கையால் விலக்கி விலக்கி, வெளியே தெறித்த பித்தளைக் கூட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.