தண்ணீர் வில்லாவில் சும்மா இருத்தல்: ஓர் ஆய்வு

சும்மா இருத்தல் மூவகைப்படும்: வேலை இல்லாமல் சும்மா இருத்தல், வேலை இருந்தும் சும்மா இருத்தல், பணம் கட்டிச் சும்மா இருத்தல். முதலிரண்டையும் நம் வீட்டுப் பெரியவர்கள் போதுமான அளவு திட்டியிருப்பதால், மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆய்வுக்களம், மாலத்தீவில் ஒரு விடுதி. கடலில் கால் ஊன்றி நிற்கும் மரவீடு, தரையில் கண்ணாடி, கீழே மீன். ஆய்வுக்கு உட்பட்டோர், நானும் என் மனைவியும். கால அளவு 4 நாள்; அதற்குமேல் ஆராய வசதியில்லை.

முதல் நாள், சாய்வு நாற்காலியில் படுத்த 11-ஆவது நிமிடத்தில் "அடுத்து என்ன?" என்றேன். "சும்மா இருங்களேன்" என்றாள். அவளோ அதற்குள் ஃப்ரிட்ஜில் இருந்ததையெல்லாம் விலைப்பட்டியலோடு இரண்டு முறை ஒத்துப் பார்த்திருந்தாள்.

இது எங்கள் குடும்பக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. 1343-இல் இத்தீவுகளுக்கு வந்த பயணி இபின் பதூதா மட்டும் சும்மா இருந்தாரா? நீதி சொல்லும் காஜி ஆனார். நான்கு பெண்களை மணந்தார். அமைச்சரோடு முறைத்துக்கொண்டு கிளம்பினார். பிறகு மதுரை சுல்தானிடம் போய், இதே தீவுகள்மேல் படையெடுக்கத் திட்டம் போட்டார். தங்கிவிட்டுப் போன இடத்தைப் பற்றி இதைவிடக் கடுமையாக யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

கண்ணாடிக்குக் கீழே இன்னொரு சான்று நீந்தியது. கிளிமீன். அலகு மாதிரியான பல்லால் பாறையைக் கறுக்கு முறுக்கென்று கரம்பும். பாசி வயிற்றில் தங்கும், பவளச் சுண்ணாம்பு பொடியாகி வெளியே வரும். இத்தீவுகளின் வெண்மணலில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான். நாங்கள் காசு கொடுத்துப் புரண்ட மணலை, அது ஒரு நிமிடம்கூட ஓயாமல் உற்பத்தி செய்துகொண்டிருந்தது. (எதன்மேல் புரண்டோம் என்பதை மனைவியிடம் ஊர் திரும்பிய பிறகே சொன்னேன்.)

நிற்க. ஆய்வின் மையச் சிக்கல் கயிறு. இத்தீவுகளின் தென்னங்கயிறு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் போனதென்றும், கப்பல் பலகைகளையே அதால் தைத்தார்களென்றும் அதே பதூதா எழுதி வைத்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட நாட்டில், எங்கள் வில்லாவில் ஒரு லுங்கி காயப்போடக் கொடி இல்லை. கைப்பிடிக் கம்பியில் போட்டால், அறை துடைக்க வரும் பையன் புன்னகையோடு மடித்து உள்ளே வைத்துவிடுவான். ஈரத்துணி உள்ளே கிடக்கிறது என்ற நினைப்போடு தமிழன் கடலை ரசித்ததாகச் சான்று இல்லை.

மூன்றாம் நாள், மனைவி பெட்டியின் அடியில் கைவிட்டு மஞ்சள் நைலான் கயிறு ஒன்றை எடுத்தாள். ஒரு முனை ஷவர் கம்பத்தில், மறுமுனை என் நாற்காலியில். லுங்கி, இரண்டு துண்டு, அவளுடைய நைட்டி. காற்றில் அவை படபடக்க, நிழல் என் முகத்தில் விழுந்தது. 40 நிமிடம் அசையாமல் கிடந்தேன். குறட்டையும் இருந்ததாக இரண்டாம் ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார்.