பொன்னிறமா, வெள்ளையா?

கேள்வி: மெக்சிகோவிலிருந்து மச்சான் இரண்டு டெக்கீலா பாட்டில் வாங்கி வந்திருக்கிறார். ஒன்று பச்சைத் தண்ணீர் மாதிரி, இன்னொன்று தேன் நிறம். நிறமுள்ளதுதானே உசத்தி?

பதில்: விலையில் உசத்தி! அந்த நிறம் ஓக் பீப்பாயின் உபயம். ‘அன்யெஹோ’ என்று பெயர் வாங்க குறைந்தது 1 வருடம் பீப்பாயில் கிடக்க வேண்டும். வனிலா வாசனையும் வழவழப்பும் மரம் கொடுத்த சீர். (நிறத்துக்குக் கொஞ்சம் கேரமல் சேர்த்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது, எனவே நிறத்தை ரொம்ப நம்பாதீர்கள்.)

கைப்பக்குவம் தெரிவது வெள்ளை ‘பிளாங்கோ’வில்தான். மெக்சிகோவின் ஹலிஸ்கோ மண்ணில் ஆறேழு வருடம் வளர்ந்த நீல அகாவேச் செடியின் கிழங்கு போன்ற நடுப்பகுதியைச் செங்கல் அடுப்பில் நிதானமாக வேகவைத்து, சில சிறு தயாரிப்பாளர்கள் இன்னமும் ‘தஹோனா’ என்ற பெரிய கல் சக்கரத்தில் நசுக்குகிறார்கள். அப்படி வந்த சரக்கை முகர்ந்தால் வெந்த அகாவேயின் இனிப்பு, மிளகுக் காரம், மழை விழுந்த மண் வாசம். தப்பு செய்திருந்தால் ஒளிய மரம் கிடையாது.

லேபிளில் ‘100% அகாவே’ இருக்கிறதா? இல்லையென்றால் 49% வரை வேறு சர்க்கரை இருக்கலாம். ‘நோம்’ எண்ணையும் பாருங்கள், அது ஆலையின் அடையாளம். ‘எங்கள் தாத்தா காலத்துப் பக்குவம்’ என்று பெருமை பேசும் பல பிராண்டுகளுக்கு ஒரே எண் இருக்கும். அத்தனை பேருக்கும் ஒரே தாத்தா!

உப்பையும் எலுமிச்சையையும் சமையலறைக்கே அனுப்பிவிட்டு, சின்னச் சின்ன மிடறாகக் குடியுங்கள். மச்சானுக்கு அன்யெஹோவைத் தாராளமாக ஊற்றுங்கள். பிளாங்கோ உங்களுக்கு மிஞ்சும்.