வெள்ளி போச்சு, வயலின் வந்தது

கோடையில் மலைமேல் கச்சேரி நடத்தும் ஊர்கள் உலகில் பல உண்டு. அவற்றில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஆஸ்பென் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

சினிமாவில் ஆஸ்பென் என்றாலே பனிச்சறுக்குதான். அங்கே இசை எப்படி முளைத்தது?
- ஒரு வாசகி, கோத்தகிரி

வெள்ளி விலை விழுந்த இடத்தில் முளைத்தது. 1880களில் ஆஸ்பென் வெள்ளிச் சுரங்க ஊர். பணம் கொழித்த அந்த நாளிலேயே, 1889இல், ஜெரோம் வீலர் என்ற முதலாளி அங்கே ஓர் ஆபரா அரங்கம் கட்டிவிட்டார். அது இன்றும் நிற்கிறது, நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. ஆனால் 1893இல் அமெரிக்க அரசு வெள்ளி வாங்குவதை நிறுத்தியது. விலை சரிந்தது, சுரங்கங்கள் வரிசையாக மூடின. மறு ஆண்டே ஸ்மக்ளர் சுரங்கத்தில் 800 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒற்றை வெள்ளிக் கட்டி கிடைத்தது. நல்ல விலை கொடுக்கத்தான் ஆளில்லை. 1930 கணக்கெடுப்பில் ஊரில் மிஞ்சியவர்கள் 705 பேர்.

பிறகு ஒரு தண்ணீர்க் குழாய் கதையை மாற்றியது. சிகாகோ தொழிலதிபர் வால்டர் பெப்கியின் மனைவி எலிசபெத், 1939 குளிர்காலத்தில் தங்கள் பண்ணை வீட்டில் விருந்தினரோடு இருந்தார். குழாய் உறைந்து வெடித்தது. வீட்டில் இருக்க முடியாமல் விருந்தினரை ஆஸ்பென் பக்கம் அழைத்துப் போனவர் அந்த மலையில் மனதைப் பறிகொடுத்தார். கணவரை 1945இல்தான் அங்கே கூட்டிவர முடிந்தது. அவர் வந்ததும் வேலை மளமளவென்று நடந்தது. குளிர்காலத்துக்குப் பனிச்சறுக்கு, கோடைக்கு இசையும் சிந்தனையும் என்று ஊருக்கே இரண்டு பருவத் தொழில் வகுத்தார். இசைவிழாவின் பிறப்பை 1949 என்று கணக்கு வைக்கிறார்கள்.

முதல் விழாவே ஜெர்மன் கவிஞர் கதேவுக்காக நடந்ததாமே? சுரங்க ஊருக்கும் கதேவுக்கும் என்ன உறவு?
- தமிழாசிரியர் ஒருவர், மயிலாடுதுறை

உறவு ஏதுமில்லை. 1949 கதேவின் 200ஆவது பிறந்தநாள் ஆண்டு, அவ்வளவுதான். போர் முடிந்து நான்கே வருடம் ஆன நேரத்தில் ஒரு ஜெர்மன் கவிஞருக்கு அமெரிக்காவில் விழா எடுத்தது துணிச்சல்தான். ஆப்பிரிக்காவில் மருத்துவப் பணி செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் ஷ்வைட்சர் அதற்காகவே புறப்பட்டு வந்தார். வாழ்நாளில் அவர் அமெரிக்கா வந்தது அந்த ஒரு முறைதான். அவருடைய ஜெர்மன் உரையை மேடையிலேயே மொழிபெயர்த்தவர் நாடகாசிரியர் தார்ன்டன் வைல்டர். கிடைத்த சன்மானம் ஷ்வைட்சரின் லம்பரேனே மருத்துவமனை நோயாளிகளின் மருந்துக்குப் போனது. பியானோவுக்கு ரூபின்ஸ்டீன் வந்தார், மினியாபொலிஸ் ஆர்க்கெஸ்ட்ராவோடு அதன் நடத்துனர் மித்ரோபுலோஸ் வந்தார். சில நூறு பேர் வசித்த ஊருக்கு இத்தனை பேர் என்றால், வந்தவர்களுக்குப் படுக்கை தேடியவர்களின் பாட்டை நினைத்துப் பார்க்கலாம்.

அவ்வளவு உயரத்தில் மூச்சு வாங்குமே! குழல்காரர்கள் என்ன செய்வார்கள்?
- நாதஸ்வர மாணவர், திருவாரூர்

முதல் வாரம் மூச்சு வாங்குவார்கள். பிறகு குழல் வாசிப்பார்கள்.

ஆஸ்பென் சுமார் 2,400 மீட்டர் உயரம், ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். நீண்ட பிடிகளை ஒரே மூச்சில் இழுத்துப் பழகியவர் அங்கே போனதும் இடையில் எங்கே மூச்செடுப்பது என்று புதிதாகக் கணக்குப் போட வேண்டும். நாதஸ்வரம் படிப்பவருக்கு இன்னொரு விஷயம் சட்டென்று புரியும்: சீவாளி. ஓபோவுக்கும் பசூனுக்கும் இரட்டைச் சீவாளிதான். கடல் மட்டத்தில் தேனாகப் பேசிய சீவாளி மலையில் முரண்டு பிடிக்கும். அங்கே போய் உட்கார்ந்து, கத்தியால் மறுபடி சீவி, வாயில் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சீவி என்று நாட்கள் போகும். வயலின், செல்லோகாரர்களுக்குக் கவலை வறண்ட காற்று. மரம் சுருங்கினால் பலகையில் வெடிப்பு விடும். பெட்டிக்குள் ஈரம் காக்கும் குழாயை வைத்துக்கொண்டே திரிவார்கள்.

பணக்கார ஊர் என்கிறார்கள், கச்சேரி கூடாரத்தில் என்கிறார்கள். ஏன் இந்தச் சிக்கனம்?
- ஒரு வாசகர், சேலம்

சிக்கனமில்லை, பிடிவாதம். 1949இல் முதல் கூடாரத்தை வடிவமைத்தவர் ஈரோ சாரினென். 1965இல் ஹெர்பர்ட் பேயரின் கூடாரம் வந்தது. அந்த நாளில் பனிக்காலத்துக்கு முன் துணியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். 2000இல் ஹாரி டீக் வடிவமைத்த இன்றைய பெனடிக்ட் கூடாரம் ஆண்டு முழுதும் நிற்கிறது. மேலே டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணி, உள்ளே 2,050 இருக்கைகள். பக்கத்திலேயே பெரும்பகுதி தரைக்குள் இறங்கிய 500 இருக்கை ஹாரிஸ் அரங்கமும் உண்டு. சின்னக் கச்சேரிகளுக்கு அது.

கூடாரத்தின் அருமை அதன் பக்கங்களில் இருக்கிறது. அவை திறந்துகொள்ளும். வெளியே புல்வெளியில் கம்பளம் விரித்து உட்கார்ந்தால் காசில்லாமல் கேட்கலாம். குழந்தை புல்லில் உருள்கிறது, தாத்தா தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருக்கிறார், உள்ளே மாலரின் இசை போய்க்கொண்டிருக்கிறது. கோடைப் பிற்பகலில் மலைமேல் இடி மழை வழக்கம். மழை வலுத்தால் கூரையில் படபடவென்று சத்தம் எழும், மெல்லிய இடங்கள் காதில் விழாது. புல்வெளிக் கூட்டத்தில் பாதி குடை பிடிக்கும், பாதி ஓடும். பெரும் செலவில் கட்டிய விழா, பணமில்லாதவருக்கும் செவியைத் திறந்து வைத்திருப்பது பெரிய காரியம். ஆஸ்பெனிடம் மற்ற மலை ஊர்கள் கற்க வேண்டியதில் முதலாவது இதுதான்.

மேடையில் யார்? உலகப் புகழ் பெற்றவர்கள் மட்டுமா?
- மிருதங்க மாணவி, மயிலாப்பூர்

பாதி மேடை மாணவர்கள். 1951இல் தொடங்கிய இசைப்பள்ளிதான் விழாவின் உயிர். பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் முதல் நாற்காலியில் அமரும் கலைஞர்கள் கோடையில் இங்கே ஆசிரியர்கள். ஞாயிறு கச்சேரியில் அதே ஆசிரியர் முன்னால் இருப்பார், அவர் மாணவர் பக்கத்தில் ஒரே தாளைப் பார்த்து வாசிப்பார். திங்களன்று வகுப்பில் திட்டு வாங்கிய தவறை ஞாயிறன்று மேடையில் திருத்திக் காட்டலாம். குருவின் பக்கத்தில் அமர்ந்து கூட வாசித்துக் கற்கும் இந்த முறையை நம் இசை மாணவர்களுக்கு விளக்கவே தேவையில்லை.

பிரெஞ்சு இசையமைப்பாளர் தாரியஸ் மியோ மூட்டுவாதத்தால் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பல கோடைகள் இங்கே பாடம் நடத்தினார். 1960இல் அவரிடம் வந்த மாணவர்களில் ஒருவர் இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ். வயலின் ஆசிரியை டாரத்தி டிலே, வயலின் கலைஞர் ஜோஷுவா பெல், பாடகி ரெனே ஃபிளெமிங் என்று இந்தப் பள்ளியோடு சேர்ந்த பெயர்கள் நீளம்.

மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம் எல்லாருக்கும் ஒத்துவருமா? வேறெதுவும் இல்லையா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

உண்டு. பக்கத்து ஸ்னோமாஸில் 1966இல் தொடங்கிய ஆண்டர்சன் ரேஞ்ச் கலை மையத்தில் களிமண் பிசையலாம். ஷிகேரு பான் வடிவமைத்த ஆஸ்பென் கலை அருங்காட்சியகத்தில் இலவசமாகக் கலைப்படைப்புகளைப் பார்க்கலாம்.

காலை ஆட்டிக் கேட்க வேண்டும் என்றால் அதே மாநிலத்தில் டெலுரைடு. அதுவும் பழைய சுரங்க ஊர்தான். 1974 முதல் ஜூன் மாதத்தில் புளூகிராஸ் விழா நடக்கிறது, பாஞ்சோவும் மேண்டலினும் பறக்கும். மேண்டலின் கலைஞர் சாம் புஷ் 1975 முதல் அந்த மேடைக்கு வருபவர். காலையில் வாசல் திறந்ததும் ஆளுக்கொரு தார்பாயைச் சுருட்டிக்கொண்டு மேடையை நோக்கி ஓடுவார்கள், முதல் பந்திக்கு முந்தும் கல்யாணக் கூட்டம் போல. ஆனால் விரித்தவர் இல்லாத நேரத்தில் யாரும் அந்தத் தார்பாயில் உட்காரலாம், அவர் திரும்பி வந்தால் எழுந்துவிட வேண்டும். இடம் பிடிப்பதில் இப்படியொரு கண்ணியம் எங்கும் பரவ வேண்டும்.

விழாவால் ஊருக்கு நன்மையா, கெடுதலா? நேராகச் சொல்லவும்.
- தேயிலைத் தோட்ட அலுவலர், குன்னூர்

நன்மைதான். ஆனால் அந்த நன்மையை ஊர்க்காரர் அனுபவிக்க முடியாதபடி நிலம் விலையேறிவிட்டது. இன்று ஆஸ்பெனில் தனி வீடு ஒரு கோடி டாலரைத் தாண்டுவது சாதாரணம். பள்ளி ஆசிரியர், சமையல்காரர், செவிலியர் எல்லாரும் எங்கே குடியிருப்பது? நகரமும் மாவட்டமும் சேர்ந்து, உள்ளூரில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் என்று விலைக் கட்டுப்பாட்டோடு ஏறக்குறைய 3,000 வீடுகளை ஒதுக்கியிருக்கின்றன. மரோல்ட் குடியிருப்பில் குளிர்காலம் முழுக்கப் பனிச்சறுக்குப் பருவ ஊழியர்கள், கோடையில் இசை மாணவர்கள். இசைப்பள்ளியின் காசில் கிரீக் வளாகத்திலும் அதே ஏற்பாடு: பள்ளி நாட்களில் குழந்தைகள் பாடம் படிக்கும் அறைகளில் கோடையில் வயலின் கேட்கும்.

மலை ஊரில் விழா நடத்த விரும்புகிறவர்கள் மேடைக்கு முன் கட்ட வேண்டியது இதைத்தான். கலைஞரும் தொழிலாளியும் தங்க இடமில்லாத ஊரில் கச்சேரி நடக்கும், கலை தங்காது.

ஒரே ஒரு நாள் கிடைத்தால்?
- மகன் வீட்டுக்கு டென்வர் போகும் தாயார், திருச்சி

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போகவும். காலையில் ஆர்க்கெஸ்ட்ராவின் ஒத்திகையைக் குறைந்த கட்டணத்தில் கேட்கலாம், அதே கச்சேரியை மாலை 4 மணிக்குப் புல்வெளியில் இருந்து முழுதாகக் கேட்கலாம். ஸ்வெட்டர், குடை, நிறையத் தண்ணீர் கையில் இருக்கட்டும். முதல் நாளே மலையேறி ஓடியாட வேண்டாம். விழா ஆகஸ்ட் கடைசிக்குள் முடிந்துவிடும். செப்டம்பரில் போனால் ஆஸ்பென் மரங்கள் பொன்னிறமாக இருக்கும், கச்சேரி இருக்காது.