மந்திரவாதிக்கு எதைக் கட்டிவிடுவது? புதுக்கோட்டைச் சான்றுகளோடு ஓர் ஆய்வு

ரோக் வகைக் கணினி விளையாட்டுகளில் மந்திரவாதியாக இறங்குகிறவர் எந்தெந்த மந்திரப் பொருள்களை எந்த வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி தமிழ் ஆய்வுலகில் தீண்டுவாரின்றிக் கிடக்கிறது. அதற்கு நியாயமான காரணமும் உண்டு: யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதே ஆய்வின் முதல் கடமை என்று இக்கட்டுரை கருதுவதால் மேற்கொண்டு நடக்கலாம். 1980இல் கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரு மாணவர்கள் எழுதிய 'ரோக்' என்ற விளையாட்டிலிருந்துதான் இந்த வகைக்கே பெயர் வந்தது. பாதாளத்தின் 26ஆம் தளத்தில் யெண்டோரின் தாயத்து என்று ஒன்று கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே வர வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதாளம் புதிதாக அமையும். கிடைக்கிற மோதிரமும் குப்பியும் சுருளும் இன்னதென்று தெரியாது. செத்தால் செத்ததுதான், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதன் வழிவந்ததும் 1987இல் வெளியானதுமான நெட்ஹேக் இந்த ஆய்வின் முதல் களம். இரண்டாவது களம் புதுக்கோட்டை மாவட்டம். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் சற்றுப் பொறுத்தால், தொடர்பு இல்லாமல் இருப்பதுதான் கடினம் என்று விளங்கும்.

முதலில் நோயாளியின் நாடியைப் பார்ப்போம். நெட்ஹேக்கில் மனித இனத்து வால்கிரி, அதாவது வாளேந்திய போர்ப்பெண், 16 உயிர்ப்புள்ளிகளோடு பாதாளத்தில் இறங்குகிறாள். மனித இனத்து மந்திரவாதிக்கு 12. இந்தப் பற்றாக்குறையைப் பார்க்கிற எவருக்கும், அடிக்கிற பொருளாகத் தேடிச் சேர்த்து இதை ஈடுகட்டலாம் என்றுதான் தோன்றும். நெருப்புருண்டை வீசும் நூல், மின்னல் பாய்ச்சும் கோல் என்று தேடியலைகிற இந்தக் கூட்டத்தாரை ஆய்வு வசதிக்காக 'வெடிமருந்துப் பள்ளி' என்று அழைப்போம். இவர்கள் கணக்குப் போடுவதில்லை. மந்திரவாதி கையிலிருக்கும் தொடக்க மந்திரமான விசையடியை ஒருமுறை ஏவ 5 அலகு சக்தி செலவாகும். தொடக்கத்தில் அவரிடம் உள்ள சக்தியோ, எந்த இனத்தவரானாலும் பத்தைத் தொடாது. ஆக ஒரே ஒரு அடி. அதன்பிறகு கையைக் கட்டிக்கொண்டு சக்தி ஊறும்வரை காத்திருக்க வேண்டும். நெருப்புருண்டைக்கு வேண்டியது 20 அலகு. அந்த நூல் முதல் தளத்திலேயே கிடைத்தாலும் அதை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கத்தான் முடியும். வலிமை கூட்டும் என்று நம்பப்படும் பொருள், வலிமை இருப்பவருக்கு மட்டுமே பயன்படுகிறது. இது வங்கிக் கடனைப் பற்றியும் சொல்லக்கூடிய உண்மை. அதை வேறோர் ஆய்வாளருக்கு விட்டுவிடுகிறோம்.

எனவே இக்கட்டுரையின் கருதுகோள் இது: மந்திரவாதியை வலுப்படுத்துவது அவர் கொடுக்கும் அடியைப் பெரிதாக்கும் பொருள் அல்ல, அவருக்கு வரும் அடியை அவருக்குப் பதிலாக வாங்கிக்கொள்ளும் பொருள். இதைப் பாதாளத்தில் கண்டுபிடிக்க ஆட்டக்காரர்கள் பலர் பலமுறை செத்திருக்கிறார்கள். புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியில் கடை வைத்திருக்கும் எவரையும் கேட்டிருந்தால் ஒருமுறைகூடச் செத்திருக்க வேண்டியதில்லை. கடையின் முகப்பைப் பாருங்கள். எலுமிச்சையும் மிளகாயும் கோத்த சரம், கறுப்புக் கயிற்றில் படிகாரக் கட்டி, தண்ணீரும் மண்ணும் இல்லாமல் தொங்கிக்கொண்டே துளிர்விடும் ஆகாச கருடன் கிழங்கு, உருட்டி விழிக்கும் பூத முகம் ஒன்று. இவற்றில் ஒன்றாவது எதிரே இருக்கும் கடைக்காரரைத் தாக்குவதற்காகக் கட்டப்பட்டதா என்றால் இல்லை. போட்டிக் கடை மீது மின்னல் பாய்ச்சும் பொருள் கிடைத்தால் வாங்க ஆள் இருக்காது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கைக்காசு போட்டு, செவ்வாய், வெள்ளி, அமாவாசை பார்த்து மாற்றுகிற பொருள்கள் அத்தனையும் காப்பு வகையைச் சேர்ந்தவை. குறைந்த முதலோடு, என்ன வரும் என்று தெரியாத தெருவில், தோற்றால் திரும்ப எழ முடியாத தொழில் செய்கிற ஒருவர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தேர்வு இது. மந்திரவாதியின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாக வர்ணிக்க முடியாது.

இருவருக்கும் பொதுவான எதிரியும் ஒன்று உண்டு, அது கண். கடைக்காரர் அஞ்சுவது ஊராரின் கண்ணை. நெட்ஹேக் ஆட்டக்காரர் அஞ்ச வேண்டியது 'மிதக்கும் கண்' என்ற உயிரினத்தை. திரையில் நீல நிறத்தில் ஒரே ஓர் எழுத்தாக, ஏறக்குறைய அசையாமல் நிற்கும். தானாக வந்து யாரையும் அடிக்காது. அதைப் பார்த்தபடி கைநீட்டி அடித்தவர் மட்டும் அப்படியே உறைந்துவிடுவார். நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள்வரைகூட அந்த உறைவு நீடிக்கலாம். அந்த நேரத்தில் வழியில் போகிற எலிகூட அவரைக் கடித்துத் தின்றுவிட்டுப் போகும். புதிதாக ஆட வருகிறவர்களின் பெயர்பெற்ற சாவுகளில் இது ஒன்று. இதற்கு விளையாட்டு அனுமதிக்கும் மாற்றுகள் என்ன? கண்ணைக் கட்டிக்கொள்வது, கைபடாமல் தொலைவிலிருந்து மந்திரத்தை ஏவுவது, பார்வையைத் திருப்பி அனுப்பும் பிரதிபலிப்புப் பொருள் ஒன்றை அணிவது. மெடூசாவின் முன்னால் போய் நிற்பவருக்கும் இதே பிரதிபலிப்புதான் கைகொடுக்கிறது: அவள் பார்வை அவளையே கல்லாக்கும். வாசலுக்கு எதிரே கண்ணாடி மாட்டிவைக்கிற நம் வீட்டுக்காரர்கள் கிரேக்கப் புராணம் படித்துவிட்டு மாட்டவில்லை. வாள் எவ்வளவு கூர்மையானாலும் கண்ணுக்கு எதிராக உதவாது என்பதும், வாள் கூராக இருந்தால் அடிக்கத் தோன்றி ஆபத்து கூடும் என்பதும் இந்த உயிரினத்தால் ஐயந்திரிபற நிறுவப்படுகின்றன.

இனித் தாயத்து. மந்திரவாதிக்கு இரண்டு மோதிரங்கள் அணிய இடமுண்டு. கழுத்தோ ஒன்றுதான், ஆகவே தாயத்தும் ஒன்றுதான். அந்த ஓர் இடத்துக்குத் தகுதியானது எது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை: உயிர்காக்கும் தாயத்து. அணிந்தவர் செத்தால் அவரை எழுப்பிவிட்டு அது பொடிப்பொடியாகிவிடும். அமாவாசையன்று கடைவாசலில் சுற்றி உடைக்கிற பூசணிக்காய்க்கும் இதற்கும் கோட்பாட்டளவில் வேறுபாடு இல்லை. வருவதைத் தான் வாங்கிக்கொண்டு சிதறுவதுதான் அதன் வேலை. சிதறியதும் வேலை முடிந்தது. பூசணிக்காய் சாலையில் கிடந்து இருசக்கர வாகனக்காரரை வழுக்கிவிடும் என்பது மட்டும் பாதாளத்தில் இல்லாத கூடுதல் விளைவு. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. நெட்ஹேக்கின் 3.6 பதிப்பில் தற்செயலாக உருவாகும் 1000 தாயத்துகளில் சராசரியாக 75 மட்டுமே உயிர்காப்பவை. கழுத்தை நெரித்துக் கொல்பவை 135. போட்டவரை நின்ற இடத்திலேயே தூங்கவைப்பவை இன்னொரு 135. கடையில் விலையைப் பார்த்து ஊகிக்கலாம் என்றால், இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை விலை ஒன்றே, 150. சபிக்கப்பட்டதாக இருந்தால் கழற்றவும் வராது. கிடைத்த தாயத்தை உடனே கழுத்தில் மாட்டிக்கொள்கிறவர், உயிர்காக்கும் ஒன்றை அடைவதைவிடக் கெடுக்கும் ஒன்றை அடையும் வாய்ப்பே அதிகம். ஆகவே கருதுகோளில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது: காப்புப் பொருளுக்கும் முன்னால், காப்பு எது, கேடு எது என்று பிரித்துக் காட்டும் வழி வேண்டும்.

அந்த வழி பாதாளத்தில் பலிபீடமாக இருக்கிறது. பொருளை அதன்மேல் வைத்தால், சபிக்கப்பட்டதற்குக் கருநிற ஒளியும் ஆசி பெற்றதற்குப் பொன்னிற ஒளியும் மின்னும். புது வண்டியின் சாவியை, கல்யாணப் பத்திரிகையை, கடையின் முதல் கணக்கு நோட்டைச் சன்னதியில் கொடுத்து வாங்கியபிறகே பயன்படுத்துகிற பழக்கத்தை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியாது. குருக்கள் ஒளி எதையும் காட்டுவதில்லை. விபூதியோடு திருப்பித் தருகிறார். இருந்தாலும் முறை ஒன்றே: தெரியாத பொருள் உடம்பில் ஏறுமுன் ஓரிடத்தில் வைத்து எடுக்கப்பட வேண்டும். இத்துறையில் புதுக்கோட்டைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளை மக்கள் அரைக்காசு அம்மன் என்று அழைக்கிறார்கள். தொலைந்த பொருள் கிடைக்க வேண்டுமென்றால் அவளிடம் வேண்டிக்கொள்கிறார்கள். பொருள் இருக்குமிடம் காட்டும் மந்திரத்துக்கு நெட்ஹேக்கில் தனி நூல் இருக்கிறது, அதைக் கற்கக் காலமும் ஏவச் சக்தியும் செலவாகும். இங்கே ஒரு வேண்டுதலோடு முடிந்துவிடுகிறது. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் அரசர்கள் தங்களைப் பிரகதாம்பாள் தாசர் என்று சொல்லிக்கொண்டதும், அவள் உருவம் பொறித்த அம்மன் காசு என்ற சிறு செப்புக் காசை அடித்து நவராத்திரியில் அரிசியோடு வழங்கியதும் வரலாறு. வாளை விட்டுவிட்டுக் காசில் காப்பைப் பொறித்த அரசு என்ற அளவில் அது நம் கருதுகோளுக்குச் சாட்சி.

ஆனால் வலுவான சாட்சி அதுவல்ல, மணல். 1730 முதல் 1769 வரை ஆண்ட விஜயரகுநாதராயத் தொண்டைமான், 1738இல் திருவரங்குளம் காட்டுப்பகுதியில் சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்ததாக மரபு சொல்கிறது. மௌன விரதத்தில் இருந்த துறவி அரசருக்குச் சொல்ல வேண்டியதை மணலில் எழுதிக் காட்டினார். அரசர் அந்த மணலை மேலாடையில் அள்ளி முடிந்து அரண்மனைக்குக் கொண்டுவந்தார்; அது அங்கே வழிபாட்டில் வைக்கப்பட்டது. இப்போது நெட்ஹேக்குக்கு வாருங்கள். அந்த விளையாட்டில் ஆட்டக்காரர் விரலால் தரைப்புழுதியில் 'எல்பெரத்' என்று எழுதி அதன்மேல் நின்றுகொண்டால் பெரும்பாலான அரக்கர்கள் நெருங்க அஞ்சுவார்கள். டோல்கீன் கதைகளில் வரும் விண்மீன் அரசியின் பெயர் அது. செலவில்லாத காப்பு, எந்த மந்திரவாதிக்கும் முதல் நொடியிலிருந்தே கிடைக்கக்கூடியது. குறை ஒன்றுதான்: எழுத்து அழிந்துபோகும். 3.6 பதிப்பில் அதன்மேல் நின்றபடி எதிரியை அடித்தாலே அழிந்துவிடும். அழிந்தால் குனிந்து மறுபடி எழுத வேண்டும். இடம் பெயர்ந்தால் காப்பு பின்னால் தங்கிவிடும். மணலையே அள்ளிக்கொண்டு போகலாம் என்ற யோசனை நெட்ஹேக்கை உருவாக்கியவர்களுக்கு இன்றுவரை தோன்றவில்லை. 18ஆம் நூற்றாண்டுப் புதுக்கோட்டை அரசருக்குத் தோன்றியிருக்கிறது. காப்பின்மேல் நின்றுகொண்டு அடிக்கப் போனால் காப்பு போய்விடும் என்ற விதி, வெடிமருந்துப் பள்ளியின் தலையில் விழுகிற கடைசிக் கல் என்றுகூடச் சொல்லலாம்.

எதிர்வாதங்கள் வரும். காப்புதான் முக்கியம் என்றால் இரும்புக் கவசம் அணிந்துகொள்ளலாமே, எலுமிச்சையும் புழுதி எழுத்தும் எதற்கு என்பது ஒன்று. கேள்வி நியாயமானது, பதில் விளையாட்டின் விதியிலேயே இருக்கிறது. உடலில் உலோகக் கவசம் ஏறினால் மந்திரம் பொய்க்கும் வாய்ப்பு ஏறும். கேடயம் ஏந்தினாலும் அப்படியே. சாதாரண அங்கி ஒன்று அந்த வாய்ப்பைக் குறைக்கும். காப்பு என்பது தொழிலைத் தடுக்காத காப்பாக இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். கடையைப் பத்திரமாக வைத்திருக்க மிகச் சிறந்த வழி இரும்பு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுவதுதான். ஆனால் அன்றைக்கு வியாபாரம் நடக்காது. எலுமிச்சைச் சரம் வாடிக்கையாளரின் தலையில் இடிக்காத உயரத்தில் தொங்குகிறது. இந்தத் தேர்வுக்குள் இருக்கும் நுட்பம் கவசக்காரர்களுக்குப் புரிவதில்லை.

இன்னொரு தரப்பு, எலுமிச்சை யாரையும் காப்பதில்லை, இது மூடநம்பிக்கை, இதைச் சான்றாக வைக்கலாமா என்று கேட்கும். பகுத்தறிவு வளர்ந்த மாநிலத்தில் இந்தக் கேள்வி எழாவிட்டால்தான் வியப்பு. எலுமிச்சை காக்கிறதா என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. விலை குறைந்தது, வாடினால் தெரிவது, வாரந்தோறும் மாற்றத்தக்கது, போனால் வருத்தமில்லாதது என்று பொருளைத் தேர்ந்தெடுத்த அறிவு மட்டுமே இங்கே சான்று. மேலும் காப்பு உண்மையில் வேலை செய்கிற உலகம் ஒன்று இருந்தால் அங்கே இந்தத் தேர்வறிவு எப்படிச் செல்லுபடியாகும் என்று சோதிக்கத்தான் நெட்ஹேக் இருக்கிறது. செல்லுபடியாகிறது. விளையாட்டை உருவாக்கியவர்களே இதற்கு உடன்படுகிறார்கள் என்பதற்கு ஆவணச் சான்றும் உண்டு: மந்திரவாதி பாதாளத்தில் இறங்கும்போதே அவர் தோளில் மாயத்தடுப்பு மேலங்கி ஒன்றைப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். மரணக்கோலின் கதிரும் உருமாற்றும் பொறியும் அவரைத் தொடாதது அதனால்தான். வால்கிரிக்கு அப்படி ஒன்று இல்லை. பிள்ளைக்குக் கறுப்புக் கயிறு கட்டி வெளியே அனுப்புகிற தாயின் வேலையைத்தான் நிரலாளர்கள் செய்திருக்கிறார்கள்.

காப்பையே கட்டிக்கொண்டிருந்தால் யெண்டோரின் தாயத்தை யார் எடுத்துவருவது, கடைசியில் அடித்துத்தானே ஆக வேண்டும் என்கிற மூன்றாவது எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. நிலை உயர்ந்து சக்தி பெருகியபிறகு நெருப்புருண்டைக்கும் காலம் வரும்; அதை மறுக்கவில்லை. முன்பின் வரிசைதான் வழக்கு. அந்த வரிசையை மாற்றிப்போடுகிறவரின் மந்திரவாதி, சக்தி பெருகும் நாளைப் பார்க்க இருக்கமாட்டார்.

நெட்ஹேக்கில் மந்திரவாதியாக இறங்கப்போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாதாளத்துச் சுரங்கங்களுக்குள் வரும் சிற்றூரில் பெரும்பாலும் ஒரு கோயில் இருக்கும், அதில் பலிபீடமும் இருக்கும். அதுவரை கிடைக்கிற எந்தத் தாயத்தையும் பையிலேயே வைத்திருங்கள், கழுத்தில் போடாதீர்கள். வழியில் நீல நிறக் கண் தென்பட்டால் சுற்றிக்கொண்டு போங்கள்.