கொடுப்பவர் நால்வர், குடிப்பவன் ஒருவன்

கேள்வி: அமெரிக்காவில் சில பல்கலைக்கழக நூலகங்கள் ஹாலோவீனன்று ரத்ததான முகாம் நடத்தி, பக்கத்திலேயே ரத்தக்காட்டேரிக் கதைகளை அடுக்கி வைக்கின்றனவாமே! கொடுக்க வருபவர் ஓடிவிட மாட்டாரா?

இறந்தோர் திரும்பி வரும் இரவு என்று அயர்லாந்து மக்கள் நம்பிய சௌவின் என்னும் பழைய விழாவின் வழிவந்த ஹாலோவீன், அக்டோபர் 31 அன்று பேய் வேடங்களுடன் கொண்டாடப்படுவதால், இந்தச் சேர்க்கை வெறும் விளம்பர உத்தியாகத் தோன்றலாம். ஆனால் டப்ளினில் பிறந்த பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலைப் புரட்டுவோருக்கு, அதற்குள்ளேயே ஒரு ரத்ததான முகாம் நடப்பது தெரியவரும். லூசி என்ற இளம்பெண்ணின் ரத்தத்தை ரத்தக்காட்டேரிப் பிரபுவான டிராகுலா இரவுகளில் உறிஞ்சிக்கொண்டே போக, அவளை மணக்கவிருக்கும் ஆர்தர், மருத்துவர் செவார்ட், பேராசிரியர் வான் ஹெல்சிங், அமெரிக்கரான குவின்சி மாரிஸ் ஆகிய நால்வரும் முறைவைத்து அவளுக்கு ரத்தம் தருகிறார்கள்.

கேள்வி: நால்வருக்கும் ரத்த வகை பார்த்தார்களா?

பார்த்திருக்க வழியில்லை. ஒருவர் ரத்தம் இன்னொருவர் ரத்தத்தோடு சேராமல் திரிந்துபோவதை ஆராய்ந்து, ரத்தத்தில் வகைகள் உண்டு என்று கார்ல் லாண்ட்ஸ்டைனர் வியன்னாவில் அறிவித்தது 1901இல், அதாவது நாவல் வெளியாகி நான்கு ஆண்டுகள் கழித்து. அதனால் நாலு பேர் ரத்தத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்ற, லூசியின் உடல் ஒன்றையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்வதுதான், சவப்பெட்டியில் உறங்கும் பிரபுவைக் காட்டிலும் இந்த நாவலில் நம்பக் கடினமான சங்கதி. இன்னொரு தொல்லை, உடலைவிட்டு வெளியே வந்த ரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடுவது. அதைத் தடுக்க, ஃபைப்ரின் என்னும் நார்ப்பொருளை நீக்கிவிட்டு ஏற்றும் வழக்கம் அன்று இருந்தபோதிலும், ஆர்தரின் ரத்தம் அவ்வளவு தூய்மையானது என்பதால் அது தேவையில்லை என வான் ஹெல்சிங் தீர்ப்பளிக்கிறார், மாப்பிள்ளையின் ரத்தத்தைக் குறைசொல்ல அவருக்கும் மனம் வரவில்லை போலும். சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்தால் ரத்தம் உறையாது என்பது 1914இல் நடைமுறைக்கு வந்த பிறகே ரத்தத்தைச் சேமித்து வைப்பது இயன்றது. இன்று குளிர்பெட்டியில் சிவப்பணுக்கள் 42 நாள்கள் வரை தாங்குகின்றன.

கேள்வி: டிராகுலாவுக்கு நூலக உறுப்பினர் அட்டை கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம், மாலையிலும் திறந்திருக்கும் நூலகமாக இருந்தால். சட்டம், வரலாறு, நிலவியல் என்று ஓர் அறை நிறைய ஆங்கிலப் புத்தகங்கள் வைத்திருக்கும் அவன், சோபாவில் சாய்ந்தபடி இங்கிலாந்தின் ரயில் கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கும் காட்சி நாவலிலேயே உள்ளது. அவனுக்குப் பெயர் கிடைத்ததும் ஒரு நூலகத்தில்தான்: 1890 கோடையில் விட்பி என்னும் கடலோர ஊருக்குப் போயிருந்த ஸ்டோக்கர், அங்கிருந்த நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் என்பவர் வலாக்கியா, மால்டாவியா நாடுகளைப் பற்றி எழுதிய நூலை எடுத்துப் படித்து, அதில் கண்ட ‘டிராகுலா’ என்ற பெயரைக் குறித்துக்கொண்டார். அதற்கு முன்பு அவருடைய குறிப்பேட்டில் அந்தப் பாத்திரத்தின் பெயர் ‘வாம்பயர் பிரபு’. ரத்தக்காட்டேரிக்கு ரத்தக்காட்டேரி என்றே பெயர் வைத்தால் எந்த வாசகர்தான் ஏமாறுவார்?

கேள்வி: இந்தப் புத்தகங்கள் எந்த அலமாரியில் இருக்கும்?

ஒரே அலமாரியில் இரா. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரிதும் வழங்கும் காங்கிரஸ் நூலகப் பகுப்பு முறையில், ஸ்டோக்கரின் நாவல் ஆங்கில இலக்கியத்துக்கான ‘பி.ஆர்.’ வரிசையிலும், கிராமத்து நம்பிக்கைகள் நாட்டார் வழக்காற்றுக்கான ‘ஜி.ஆர்.’ வரிசையிலும், ரத்தம் குடிக்கும் வௌவால் விலங்கியலுக்கான ‘க்யூ.எல்.’ வரிசையிலும் அமரும். ஒரே நாளில் அவற்றை ஒரு மேசைக்குக் கொண்டுவருவது நூலகருக்குக் கால்வலி.

கேள்வி: விக்கிரமாதித்தன் சுமந்த வேதாளத்துக்கு அங்கே இடமுண்டா?

ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது தலைப்பில் அதை ரத்தக்காட்டேரியாக்கிவிட்டதால், இடம் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் கதை சொல்லி, முடிவில் புதிர் போட்டு, சரியான பதில் வந்ததும் முருங்கை மரத்துக்கே திரும்பிவிடும் அதற்குக் கேள்வி-பதில் பகுதியே பொருத்தம்.

கேள்வி: ஒருமுறை ரத்தம் கொடுத்தால் மறுபடி எப்போது கொடுக்கலாம்?

ஏறக்குறைய அரை லிட்டர் முழு ரத்தம் கொடுத்தவர் அமெரிக்க விதிப்படி 56 நாள்கள் இடைவெளி விடவேண்டும் என்பதால், ஹாலோவீனன்று கொடுத்தவரின் அடுத்த முறை கிறிஸ்துமஸுக்கு மறுநாள். டிராகுலா இந்த விதியைக் கடைப்பிடித்திருந்தால் லூசி பிழைத்திருப்பாள். நாவலும் பாதியிலேயே நின்றிருக்கும்.

கேள்வி: ரத்தம் குடிக்கும் வௌவால் தானம் செய்யுமா?

செய்யும். மத்திய, தென் அமெரிக்காவில் வாழும் அந்த வௌவால் இரண்டு மூன்று இரவுகள் இரை கிடைக்காவிட்டால் செத்துப்போகும் என்பதால், வயிறு நிறைந்து திரும்பிய வௌவால் பட்டினி கிடக்கும் கூட்டாளிக்குத் தான் குடித்த ரத்தத்தைக் கக்கி வாயோடு வாய் ஊட்டுகிறது. ஒப்புதல் படிவம் மட்டும் இல்லை.