முகவரி அட்டையில் இலச்சினை: இடம், அளவு, பாடபேதம்

இலச்சினை என்பது ஏட்டு வழக்கு. அச்சக வழக்கில் அது லோகோ. அது குடியிருக்கும் விசிட்டிங் கார்டு 3.5 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் உடையது. ஆக மொத்தம் 7 சதுர அங்குலம். உரிமையாளர் பெயர், பட்டம், பதவி, மூன்று செல் நம்பர், ‘பஸ் ஸ்டாண்டு எதிரில்’ என்ற குறிப்போடு கூடிய விலாசம், உச்சியில் பிள்ளையார் சுழி எல்லாம் இந்த ஏழுக்குள் பங்கு கேட்கும். லோகோவின் பிரச்சினை அடிப்படையில் ஒரு நிலத் தகராறு.

சின்னத்தைப் பதித்து அதிகாரம் காட்டும் வழக்கம் புதிதன்று. சோழர் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையில், அமர்ந்த புலியோடு பாண்டியரின் இரட்டைக் கயலும் சேரரின் வில்லும் காணப்படும். இன்றைய ஹார்டுவேர் கடைக்காரரின் கார்டில் அடிவரிசை முழுக்க சிமெண்டு, பெயிண்டு, பைப்பு, தண்ணீர்த் தொட்டிக் கம்பெனிகளின் லோகோக்கள் அணிவகுக்கின்றன. சோழர் சேர்த்தவை தமக்குத் திறை கட்ட வேண்டியோரின் சின்னங்கள். கடைக்காரர் சேர்ப்பவை தாம் பணம் கட்ட வேண்டியோரின் சின்னங்கள். வேறுபாடு அவ்வளவே.

வடிவத்தில் லோகோக்கள் பெரும்பாலும் சில குலங்களுக்குள் அடங்கும். பூமி உருண்டை ஒரு குலம். பக்கத்து ஊருக்குக்கூட டெலிவரி இல்லாத நிறுவனங்களே இதை அதிகம் விரும்புகின்றன. பல்சக்கரம் இன்னொன்று. ரியல் எஸ்டேட் குலத்தில் சரிந்த கூரையும் அதன்மேல் புகைபோக்கியும் கட்டாயம். மார்கழியிலும் மின்விசிறி ஓடும் ஊரில், மொட்டைமாடி வீடுகளை மட்டுமே விற்பவருக்குப் புகைபோக்கி எதற்கு என்பது விளங்கவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த வீட்டுப் படம் அப்படித்தான் இருந்தது என்பர் ஒரு சாரார்.

மேல் இடமூலை லோகோவுக்கு உரியது என்பது வடிவமைப்பாளர் கொள்கை. நடைமுறையில் உச்சி நடுவே குலதெய்வம் அமர்ந்துவிடுவதால் லோகோ ஓரத்துக்கு நகர்கிறது. தெய்வம் நகர்ந்ததாகச் சான்று இல்லை. தெய்வம் உள்ள கார்டைக் காலில் மிதிபட யாரும் போடமாட்டார்கள். அதனால் அதற்கு ஆயுள் கெட்டி.

அளவுக்கு விதி ஒன்றே: நிறுவனத்தின் ஆள்பலமும் லோகோவின் பரப்பும் தலைகீழ் விகிதத்தில் நிற்கும். ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் லோகோ மூலையில் பட்டாணி அளவில் ஒடுங்கியிருக்கும். உரிமையாளரும் அவர் மைத்துனரும் மட்டுமே உள்ள நிறுவனத்தில் அது கார்டில் பாதியைப் பிடித்துக்கொண்டு, போதாததற்குப் பின்னணியில் வெளிறிய நிறத்தில் இன்னொரு முறையும் வரும். டிடிபி ஆபரேட்டரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் வாடிக்கையாளர் “இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணுங்க தம்பி” என்கிறார். தம்பி பண்ணுகிறார். திரையில் கார்டு ஒன்றரை அடி அகலம் தெரிவதால் எல்லாம் பொருந்துவதாகவே படும். லோகோ பெருக்கும்போது சுருங்குவது எப்போதும் செல் நம்பர்தான். கார்டு அடிப்பதே அந்த நம்பருக்காக என்பது அந்த வேளையில் இருவருக்கும் நினைவிருப்பதில்லை.

மூலபாடம் கிடைப்பது அரிது. பழைய கார்டை டீக்கடை வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதே வழக்கம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். அச்சுக்கோ அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். ஆகவே ஆபரேட்டர் கோரல் டிராவில் அதை மறுபடி வரைகிறார். அவர் ஊகித்த வளைவே அடுத்த பதிப்புக்கு மூலமாகிறது. ஏடு பெயர்த்தெழுதியவர் கையில் சொல் திரிந்ததுபோல இங்கே சின்னம் திரிகிறது. முதல் பதிப்பில் பறந்த கழுகு மூன்றாம் பதிப்பில் புறாவாகி, ஐந்தாம் பதிப்பில் வெறும் ‘டிக்’ குறியாக நிற்கும். ஏடுகளுக்கு ஓர் உ.வே.சா. வாய்த்தார், கார்டுகளுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

நிறத்திலும் பாடபேதம் உண்டு. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் காட்டுகிறது. தவிர, மலிவு விலையில் ஆயிரம் கார்டு அடிக்கக் கொடுத்தால் அது தனியாக ஓடாது. பலருடைய கார்டுகளோடு ஒரே பெரிய தாளில் சேர்ந்து ஓடும். பக்கத்துக் கட்டத்துப் பிரியாணிக் கடையின் சிவப்புக்காக மெஜந்தாவைக் கூட்டினால், இந்தக் கட்டத்தில் பல் டாக்டரின் லோகோ வெற்றிலை போட்டுக்கொள்ளும்.

லோகோவின் தோளில் வட்டத்துக்குள் ‘ஆர்’ போடுவது அழகுக்காக என்று பலர் கருதுகின்றனர். 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் அப்படிக் கருதவில்லை. பதிவாகாத குறியைப் பதிவானதாகக் காட்டினால், 2023-இன் திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை, 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்; இப்போது சிறை இல்லை, பணத் தண்டம் உண்டு. அரசுச் சின்னமான நான்முகச் சிங்கத்துக்கு 2005-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது; ஓய்வுபெற்ற அதிகாரியும் அதைக் கார்டில் போட முடியாது.

கார்டை வாங்கியவர் எண்ணைக் கைபேசியில் ஏற்றிக்கொள்கிறார். கார்டு சட்டைப் பையோடு சலவைக்குப் போகிறது. கைபேசியில் பதிவாகும் பெயர் ‘பிளம்பர் முருகன் 2’. முதல் முருகன் போன் எடுப்பதில்லை.